பங்குப் பள்ளியின் விழாப் பட்டியலில் நம் பிள்ளைகள் எங்கே?

ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாட்களில் பங்குப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறிவிடும். இந்த ஆண்டு நடக்கப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியல் அது. ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், அன்றே மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், 8 மாதா பிறந்தநாள். நவம்பர் 14 குழந்தைகள் தினம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா. நடுவில் புதுநன்மை, தாளாளரின் நாமவிழா. கடைசியில் விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் உள்ள சேரிகளுக்குப் போய்வரும் நாங்கள், இந்தத் தாளை வாசிக்காமல் எந்தப் பள்ளி வாசலையும் தாண்டுவதில்லை. அந்தப் பள்ளி தன்னை யாருக்கான பள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். முகப்பில் இருக்கும் புனிதரின் சுரூபம் அதைச் சொல்லாது.

இந்தப் பள்ளிகளை நாம் பகைத்துப் பேசவில்லை. நம் தாத்தா பாட்டிகளில் பலர் முதன்முதலில் சிலேட்டைப் பிடித்தது பங்குச் சாமியார் கட்டிய கூரைக் கொட்டகையில்தான். பக்கத்து விருதுநகரில் நாடார்கள் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்து அதை வளர்த்தார்கள். காமராசர் படித்தது அங்கேதான். நம் வீடுகளில் பிடி அரிசி எடுத்துவைக்க அரிசிப் பானையே கிடையாது. மிஷன் பள்ளி இல்லாவிட்டால் நமக்கு எந்தப் பள்ளியும் இல்லை என்று இருந்த காலம் அது. அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. ஆனால் நன்றியுள்ளவன் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை.

முதல் கேள்வி காலம் பற்றியது. கரிசலில் புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழையும் களையெடுப்பும். தை மாசியில் கம்பு, சோளம், மல்லி அறுவடை. அதைத் தொடர்ந்து பருத்தியும் மிளகாய்ப் பழமும். அதுவும் முடிந்துவிட்டால் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போடும் கரிவேலைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்புவார்கள். மற்றவர்களை விடியுமுன் மில் வேனும் பட்டாசு ஆலை வேனும் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பள்ளியின் ஆண்டு விழாவோ மாசி பங்குனியில், வேலைநாள் ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கப்படுகிறது. சிறப்பு விருந்தினர் வர நாலரை ஆகிறது. பிள்ளை ஆடுவதைப் பார்க்க ஒரு தாய் அன்றைய கூலியை இழக்க வேண்டும். நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தால் அந்த வருகைப் பதிவும் போயிற்று. பிறகு மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையே இல்லை” என்பார். விழாவை ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வையுங்கள். முதல் வரிசையில் நம் அம்மாக்கள் உட்காருவார்கள்.

அடுத்தது மேடை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதா வேடம் யாருக்குப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வகுப்பிலேயே சிவந்த நிறமுள்ள பெண்ணுக்கு. அவளுக்கு வசனம் வராவிட்டாலும் பரவாயில்லை, நின்றால் போதும் என்பார்கள். நம் பிள்ளைகள் இடையர்கள், ஆடுகள், இன்னும் மிஞ்சினால் ஏரோதின் காவலர்கள். இடையர் வேடம் இழிவானது என்று நாம் சொல்ல வரவில்லை. பெத்லகேம் வயல்களில் இரவெல்லாம் ஆட்டுக்குக் காவல் இருந்தவர்கள் அந்த நாட்டின் ஏழைகள், செய்தி அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. ஆனாலும் கறுத்த நிறமுள்ள ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் நீலத் துணியைப் போர்த்திக்கொண்டு மாதாவாக நிற்க என்ன தடை? ‘நாட்டுப்புறக் கலை’ என்று ஒரு நிகழ்ச்சி வந்து, பறை அடிக்க ஆள் வேண்டும் என்றால் மட்டும் நம் தெருப் பையன்களைத் தேடுகிறார்கள். பறை நம் கலை, அதில் நமக்குப் பெருமைதான். அதை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு மேடையேற்றுங்கள். விழா நாளில் நாற்காலி தூக்குவதும் தண்ணீர் எடுப்பதும் கழிப்பறை கழுவுவதும் யார் என்ற பட்டியல் எந்தப் பலகையிலும் ஒட்டப்படுவதில்லை. கேட்டால் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

புதுநன்மை நாள் நெருங்கும்போது சில தாய்மார் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார்கள்: “சிஸ்டர், எம்புள்ளய போட்டோவுல நிக்கவைக்காதீங்க.” வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே நம் பிள்ளைகள் பலருக்கு இரண்டு பெயர். பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, கோயில் பதிவேட்டில் இன்னொன்று. காரணம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில், எத்தனை தலைமுறைக்கு முன் மதம் மாறியிருந்தாலும், ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைக்கப்படுகிறார். டீக்கடைக்காரனும் சுடுகாட்டுக்காரனும் நம்மை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள், அதற்கும் அவகாசம் நீட்டித்தார்கள். 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. இதற்கு நடுவில் 2024 நவம்பர் 26-இல், ஞானஸ்நானம் பெற்று வழிபாட்டுக்கும் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்ற கடுமையான சொல்லும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அதனால்தான் எட்டு வயதுப் பிள்ளையின் வெள்ளை உடைப் படம் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறினால் தாய்க்கு வயிறு கலங்குகிறது. பிற்காலத்தில் அந்தப் படத்தை வட்டாட்சியர் மேசையில் யாராவது வைத்துவிடுவார்களோ என்ற பயம். விழாப் பட்டியலைப் போடுகிறவர்கள் இந்தப் பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது. இது பெரிய கோரிக்கை அல்ல, ஒரு கையெழுத்து.

ஆகஸ்ட் 10-ஐத் திருச்சபையே கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. பேரணி நடக்கிறது, பங்குகளில் கறுப்புக் கொடி ஏறுகிறது. பள்ளியின் பட்டியலில் மட்டும் அந்த நாள் இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் கறுப்புக் கொடி கொடுக்கச் சொல்லவில்லை. செப்டம்பர் 11-ஐயும் அக்டோபர் 30-ஐயும் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை, அவை இந்த வட்டாரத்தில் எப்படிப்பட்ட நாட்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாம் கேட்பது பிள்ளைகளுக்குப் புரியக்கூடிய நாட்கள். 1900 நவம்பர் 7-ஆம் தேதி சதாராவில் பீவா என்ற சிறுவன் பள்ளியில் சேர்ந்தான். மகாராட்டிர அரசு 2017 முதல் அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. தண்ணீர்ப் பானையைத் தொடவிடாத பள்ளியில் படித்து வந்த அந்த அம்பேத்கரின் கதையை, நம் பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து கேட்கட்டும். ஜனவரி 3 சாவித்திரிபாய் பூலே பிறந்த நாள். அன்று அந்த ஊரில் முதலில் பத்தாவது முடித்த நம் பெண்ணை அழைத்து மாலை போடுங்கள்.

சொந்தப் புனிதரையாவது கொண்டாடலாமே. தேவசகாயம் 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டவர், ஒடுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகியவர். புனிதர் பட்டத்துக்கு முன்பே அவர் பெயரின் வாலில் ஒட்டியிருந்த சாதிப் பெயரை, இங்கிருந்து கோரிக்கை போனதால், உரோமை நீக்கியது. வத்திக்கானில் நீங்கியது நம் ஊர் மேடை அழைப்பிதழ்களில் நீங்கக் காணோம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி வேண்டாம், கையில் வண்ணக் கயிறு வேண்டாம் என்றது. அழைப்பிதழில் உபயதாரர் பெயருக்குப் பின்னால் சாதியை அச்சடிக்கும் பள்ளி, பையனின் கையில் இருக்கும் கயிற்றை எந்த முகத்தோடு அறுக்கச் சொல்லும்?

ஜூலை 15-க்கு வருவோம். மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956-இல் தொடங்கிவைத்தது இங்கிருந்து தெற்கே, எட்டயபுரத்தில். அதே எட்டயபுரத்தின் பக்கத்திலுள்ள உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தது 2023-இல். காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தது 2024 ஜூலை 15-இல். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் பிள்ளைகள். ஆக, நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. இந்த ஆண்டு காமராசர் படத்துக்கு மாலை போட்ட கையோடு, நம் பங்குப் பள்ளிகளில் சமைக்கும் அம்மாவை மேடைக்கு அழைத்து நடுநாற்காலியில் உட்காரவையுங்கள். தாளாளரும் பெற்றோரும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவர் கையால் வாங்கி ஒரே பந்தியில் சாப்பிடட்டும். பேச்சுப் போட்டி மதியத்துக்கு மேல் நடக்கலாம்.

இத்தனை விழாக்களுக்கும் நடுவில் படிப்பு என்ன ஆகிறது? இங்கே பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆண்டு விழா ஒத்திகை தொடங்கினால் இரண்டு வாரம் பாடப்புத்தகம் மூடிக்கிடக்கும். சினிமாப் பாட்டின் ஒவ்வோர் அசைவும் பிள்ளைக்கு மனப்பாடம். ஆடை வாடகையைத் தகப்பன் கடன் வாங்கிக் கட்டியிருப்பான். அதே பிள்ளையை நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய் வரும் பேருந்தின் பலகையைக் காட்டினால், ‘திருச்சுழி’ என்பதில் ‘தி’ வரை வந்து நம் முகத்தைப் பார்க்கிறது. இதற்கு விழாவை ஒழிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஆட்டமும் வேண்டும், நம் தெருவில் வேறு மேடை எது? ஆண்டு விழா நிகழ்ச்சிகளில் ஒன்றாக வாசிப்பை வையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஏறி, அதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் தன் அம்மாவைப் பார்த்து வாசிக்கட்டும். இதற்கான ஒத்திகை ஜூனிலேயே தொடங்கியாக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நன்மை.

சட்டம் இதில் நமக்குத் துணைக்கு வராது. 2014 மே 6-இல் வந்த பிரமதி தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. 2025 செப்டம்பர் 1-இல் இரு நீதிபதிகள் அமர்வு அது சரிதானா என்று ஐயப்பட்டுப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம், நியமனம் நிர்வாகத்தின் உரிமை. அந்த நியமனங்களில் தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்று பங்கு வாரியாகக் கேட்டால் பதில் வருவதில்லை. எனவே திருச்சபை தானே எழுதிக்கொடுத்ததை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. 2003 நவம்பர் 17-இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதன் பிரதி ஒன்று ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியர் மேசையிலும் இருக்க வேண்டாமா?

இந்தப் பகுதித் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜூலை முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பெற்றோரோடு பங்குத்தந்தையையும் தலைமையாசிரியரையும் போய்ப் பாருங்கள். சத்தம் போட வேண்டாம். பட்டியல் தாளைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விழா நேரம், ஆடை வாடகை, படச் சம்மதம், நவம்பர் 7, ஜனவரி 3, மூன்றாம் வகுப்பு வாசிப்பு, சமைக்கும் அம்மாவுக்கு நடுநாற்காலி. இவை ஏழும் அந்தத் தாளில் ஏறிய பிறகு மாதா வேடத்தைப் பற்றிப் பேசுங்கள், அதற்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது.