அந்தத் திகதி எது?



மடுல்சீமையில் மழை பிடித்தால் இலேசில் விடாது. அப்படியொரு மாலை, அஸர் தொழுதுவிட்டு மத்ரஸாவைப் பூட்டும் நேரத்தில், பஸாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தாயொருவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஹஸ்ரத், புள்ளைக்கு நிகாஹ் முடிஞ்சு ரெண்டு வருஷமாகுது. மாப்பிள்ளை அமெரிக்காவிலேயே இருக்கார். இந்தா கூப்பிடுறன், அந்தா கூப்பிடுறன் என்கிறார். ஊரெல்லாம் கதைக்குது. பஸ்ஹு எடுத்துடுவமா?"

மகள் ஒன்றும் பேசவில்லை. விசாரித்தேன். மாதாமாதம் பணம் வருகிறது, தினமும் தொலைபேசியில் பேசுகிறார். செலவுக்குக் கொடுக்காமல் கைவிட்ட கணவரல்ல. பிறகு எதைக் கொண்டு காழியிடம் போவது?

மாப்பிள்ளை 2022இல் விஸா குலுக்கலில் கிரீன் கார்ட் கிடைத்துப் போனவர். 2023 ஏப்ரலில் மூன்று வார விடுமுறையில் வந்து நிகாஹ் முடித்தார். சிக்கல் இங்கேதான். புறப்படும் முன்பே நிகாஹ் முடிந்திருந்தால், அந்தக் குலுக்கல் ஆண்டு செப்டம்பர் 30இல் முடிவதற்குள் மனைவிக்கும் அதே வழியில் விஸா பெற முயன்றிருக்கலாம். போன பிறகு முடித்ததால், கிரீன் கார்ட்காரரின் மனைவி என்ற தனி வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு வருடத்துக்கு இத்தனை விஸா என்ற எல்லை உண்டு. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் குடியுரிமை கேட்கவே பொதுவாக ஐந்து வருடம் அங்கே இருந்தாக வேண்டும்.

விதியைப் பாருங்கள். 2019 ஜூலையிலிருந்து ஏறக்குறைய நாலு வருடம் அந்த வரிசையில் எண்ணுக்குக் காத்திருப்பே இருக்கவில்லை. மறுபடி வரிசை கட்டியது 2023 ஏப்ரலில், இவர்கள் நிகாஹ் முடித்த அதே மாதத்தில்!

"அப்படியெண்டா வந்து ஆறேழு மாசம் புள்ளையோட இருந்துட்டுப் போகலாமே?" என்றார் தாய். ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் தங்கினால் குடியுரிமைக்கான கணக்குக் குழம்பும். ஒரு வருடம் தாண்டினால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. உமர் (ரலி) அவர்கள், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டு, போர்வீரர்களுக்குத் தவணை வைத்தார்கள் என்பது நீங்கள் அறிந்த செய்தி. அமெரிக்கச் சட்டம் எழுதியவர்கள் யாரிடம் கேட்டார்களோ தெரியாது.

மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மகள், அவர் உங்களுக்காக விண்ணப்பம் போட்ட ரசீதைக் கண்டீங்களா?"

காணவில்லையாம். கேட்க வேண்டுமென்றே தெரியாதாம்.

சகோதரிகளே, கணவர் விண்ணப்பம் போட்டதும் அங்குள்ள குடிவரவு அலுவலகம் ரசீது அனுப்பும். அதில் 'முன்னுரிமைத் திகதி' என்று ஒன்று இருக்கும். வரிசையில் உங்கள் இடம் நிகாஹ் நாளிலிருந்து அல்ல, அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். எந்தத் திகதி வரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதாமாதம் அறிவிக்கிறது. காசு வாங்கும் ஏஜென்டு எவரும் அதை முன்னுக்குத் தள்ள முடியாது.

இன்னொன்று. விடுமுறை கிடைக்கவில்லை, தொலைபேசியிலேயே நிகாஹ் முடிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகடமி, நவீன சாதனங்கள் வழியான ஒப்பந்தங்களை ஏற்றபோதும், சாட்சிகள் தேவை என்பதால் நிகாஹை அதில் சேர்க்கவில்லை. அமெரிக்கச் சட்டமும், இருவரும் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் அவர்கள் கூடி வாழ்ந்திருந்தாலன்றி ஏற்பதில்லை.

அடுத்த வாரம் மகள் ரசீதின் பிரதியோடு வந்தாள். 2024 மார்ச் என்றிருந்தது. நிகாஹ் முடிந்து பதினொரு மாதம் கழித்து! "வேலை மாறினேன், பிறகு போடலாம் என்றிருந்தேன்" என்றாராம் மாப்பிள்ளை. தாய் கொதித்துப் போனார். எனக்கு அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அந்த நிகாஹுக்குக் குத்பா ஓதியவன் நான்தான். மஹர் எவ்வளவு என்று கேட்டேன், சாட்சிகள் யார் என்று கேட்டேன். விண்ணப்பம் எப்போது போடுவீர்கள் என்று கேட்கவில்லை.

மகள் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தாள். "பரவாயில்லை ஹஸ்ரத். இப்ப எண்ணுறதுக்கு ஒரு திகதியாவது இருக்கு" என்றாள். பசறைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. இருவரும் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள்.