வாட்டர்ப்ரூப் பம்பு: எந்தத் தண்ணீருக்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர் தவறாமல் ஓர் எச்சரிக்கை தருவார். "கீபோர்டு பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைக்காதீங்க சார்" என்பார். நாமும் தலையாட்டுவோம். மின்சாரமும் தண்ணீரும் சேரக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னிடம் மூன்று கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஒன்று பெங்களூருவில் அலுவலகம் கொடுத்த லேப்டாப். இரண்டாவது பென்னாகரத்தில் வீட்டு மேஜை மீதிருக்கும் டெஸ்க்டாப். மூன்றாவது என் இடுப்பில் பெல்ட்டோடு இருக்கிறது. அதுதான் இன்சுலின் பம்பு. எனக்குச் சிறு வயதிலேயே டைப் 1 சர்க்கரை நோய் வந்துவிட்டது. இந்த மூன்றாவது கம்ப்யூட்டரைத்தான், "இது வாட்டர்ப்ரூப், போட்டுக்கொண்டே நீந்தலாம்" என்று விற்கிறார்கள். இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களுடன் பேசப் போகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லையென்றாலும் படியுங்கள். உங்கள் மொபைல் போன் டப்பாவிலும் இதே வார்த்தை இருக்கக்கூடும்.

பம்புக்குள் என்ன இருக்கிறது?

டைப் 1 என்பது இனிப்பு அதிகம் சாப்பிடுவதால் வருவதல்ல. இதில் கணையம் இன்சுலினைத் தயாரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். எனவே வாழ்நாள் முழுவதும் வெளியிலிருந்துதான் இன்சுலின் செலுத்த வேண்டும். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் அதிக நாள் பிழைத்ததில்லை.

1960களில் அமெரிக்க டாக்டர் அர்னால்ட் காடிஷ் உருவாக்கிய தொடக்க கால இன்சுலின் பம்பு, முதுகில் சுமக்கும் பை அளவுக்குப் பெரியது. அறையையே அடைத்துக் கொண்டிருந்த கம்ப்யூட்டர் மடிக்கு வந்ததுபோல, அந்தப் பையும் இன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. ப்ராசசர், மெமரி, பேட்டரி, திரை, சின்ன மோட்டார், 3 மில்லி அளவுக்கு இன்சுலின் குப்பி ஆகியவை அதற்குள் உள்ளன. அதிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் வந்து, தோலுக்கடியில் செருகிய சிறு குழாயில் சேர்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை துளித்துளியாக இன்சுலின் இறங்கிக் கொண்டே இருக்கும். சாப்பிடும்போது பட்டனை அழுத்திக் கூடுதலாகச் செலுத்துவோம்.

இங்கு முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். பம்பில் ஊற்றுவது வேகமாக வேலை செய்து, வேகமாகத் தீர்ந்துவிடும் இன்சுலின். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் இன்சுலின் உடம்பில் கையிருப்பாக இருக்காது. தண்ணீர் புகுந்து பம்பு நின்றுபோனால், சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறி, கீட்டோன் என்னும் அமிலப் பொருட்கள் இரத்தத்தில் சேரத் தொடங்கும். அது உயிருக்கே ஆபத்து. லேப்டாப்பில் தண்ணீர் கொட்டினால் பைல்கள் போகும். இதில் போவது வேறு.

எண்களைப் படிக்கும் முறை

வாட்டர்ப்ரூப் என்பது ஒரு சொல்தான். அளவைச் சொல்வது அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஐ.பி. எண். ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தர விதியில் இது வரையறுக்கப்பட்டுள்ளது. முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனையின் முடிவு குறிப்பிடப்படவில்லை என்று பொருள்.

தண்ணீர் இலக்கம் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிக்கும் நிறுவனமே அறிவிக்கும். அதனால் இரண்டு கருவிகளில் 8 என்று இருந்தாலும் இரண்டும் சமமல்ல.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். மினிமெட் 780ஜி பம்பு 12 அடி ஆழத்தில் 24 மணி நேரம் வரை தாங்கும் என்கிறது அதன் கையேடு. டேண்டம் நிறுவனத்தின் டி:ஸ்லிம் எக்ஸ்2 பம்புக்குச் சொல்லப்பட்டது 3 அடி, 30 நிமிடம் மட்டுமே. ட்யூப் இல்லாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஆம்னிபாட் 5, 25 அடியில் 60 நிமிடம் தாங்கும். ஆனால் அதை இயக்கும் கன்ட்ரோலர் தண்ணீரில் நனையக் கூடாது.

மினிமெட் கையேட்டில் இன்னொரு வரியும் உண்டு. இந்தத் தாங்கும் திறன் தயாரிக்கப்பட்ட நேரத்தில் உள்ளது, பம்பு கீழே விழுந்தாலோ விரிசல் விட்டாலோ குறையக்கூடும் என்பதே அதன் சாரம். அதாவது உத்தரவாதம் புதுப் பம்புக்கு. இரண்டு வருடம் பஸ் கம்பியிலும் கதவு நிலையிலும் இடிபட்ட பம்புக்கு அதே எண்ணை நம்பிக் குதிப்பது சரியாகுமா?

ஒகேனக்கல் சோதனைச்சாலை அல்ல

பென்னாகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் ஒகேனக்கல். வெளியூர் நண்பர்கள் யார் வந்தாலும் அங்கேதான் அழைத்துப் போவோம். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், மீன் சாப்பாடு என்று வரிசை மாறாது. இந்த வரிசையில் பம்பை வைத்துப் பாருங்கள்.

முதலில் எண்ணெய். தோலில் எண்ணெய் பட்டால் ஊசிக் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரி நழுவும். அந்த இடத்தைச் சுற்றி அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கும் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும்.

அடுத்து அருவி. 7, 8 என்ற எண்கள் அசையாத தண்ணீரில் மூழ்க வைத்துத் தரப்படுபவை. பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று வேறு சோதனைகள் உள்ளன. 6 என்ற சோதனையில் நிமிடத்திற்கு 100 லிட்டர் வேகத்தில் தண்ணீரை அடித்துப் பார்க்கிறார்கள். 8 வாங்கிய கருவி தானாகவே 6லும் தேறியதாகக் கொள்ளக் கூடாது என்பது அந்த விதியிலேயே உள்ளது. இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்ணையும் குறிப்பிட வேண்டும். காவிரியில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்திகளில் படிக்கிறோம் அல்லவா? ஒரு கன அடி என்பது விநாடிக்கு 28.3 லிட்டர். நிமிடத்திற்குக் கணக்கிட்டால் சுமார் 1,700 லிட்டர். அருவி முழுவதும் ஒருவர் தலையில் விழுவதில்லைதான். ஆனாலும் சோதனைச்சாலைத் தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு அருவிக்கடியில் நிற்க முடியாது.

மூன்றாவது கிணறு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு விவசாயக் கிணற்றில்தான் நீச்சல் பழகுவார்கள். மேலிருந்து குதித்தால் 12 அடி ஆழம் ஒரு நொடியில் வந்துவிடும். தண்ணீரில் மோதும் அதிர்ச்சியும் பக்கத்துப் பாறையும் வேறு.

அப்படியானால் நீந்தவே வேண்டாமா?

நான் சொல்ல வருவது அதுவல்ல. டைப் 1 உள்ள பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாத பெற்றோர்களையும், விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்காரச் சொல்லும் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999இல் டைப் 1 இருப்பது தெரிந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சக வீரர் அந்தோணி எர்வினுடன் தங்கத்தைப் பகிர்ந்தார். 2004 ஏதென்ஸில் அதே போட்டியில் தனியாகத் தங்கம் வென்றார்.

பம்பைப் போட்டுக்கொண்டு நீந்துவதைவிட, முறையாகக் கழற்றி வைத்துவிட்டு, சிறிது நேரம் நீந்தி, திரும்ப மாட்டிக்கொள்வதே நம் ஊருக்கு நல்லது என்பது என் கருத்து. ட்யூப் உள்ள பம்புகளைக் கழற்ற வசதியாக இணைப்பு உண்டு. பொதுவாக ஒரு மணி நேரத்திற்கு மேல் கழற்றி வைக்காமல் இருப்பது நல்லது. உங்களுக்கு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்திடுங்கள். கழற்ற முடியாத ஒட்டும் வகைப் பம்பு என்றால் ஆழம் குறைந்த, அசையாத நீரோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

கழற்றும் முறைக்கு வருவோம். பென் டிரைவை அப்படியே பிடுங்காமல், சேப்லி ரிமூவ் கொடுத்து எடுக்கும்படி சொல்வார்கள் அல்லவா? இங்கும் அதேதான். முதலில் பம்பில் சஸ்பெண்ட் கொடுத்து இன்சுலினை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். நிறுத்தாமல் கழற்றினால் இன்சுலின் துண்டில் சொட்டும். பம்போ அது உடம்புக்குள் போனதாகப் பதிவு செய்துகொள்ளும். அடுத்த வேளைக் கணக்கை அந்தத் தவறான பதிவை வைத்துத்தான் போடும்.

கழற்றிய பம்பைப் பாறை மீது வைக்காதீர்கள். 37 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. நம் ஊர் வெயிலில் பாறை அதைவிடச் சூடேறும். ஒரு டப்பாவில் போட்டு நிழலில், நம்பகமான ஒருவர் கையில் கொடுங்கள். ஒகேனக்கல் குரங்குகளுக்குப் பையில் இருப்பது பம்பா பன்னா என்று தெரியாது.

சென்சாரை மட்டும் நம்பாதீர்கள்

இப்போது தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சார்கள் வந்துவிட்டன. இவற்றில் பல ப்ளூடூத் மூலம் பம்புக்கோ மொபைலுக்கோ அளவை அனுப்புகின்றன. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். எனவே நீங்கள் மூழ்கியிருக்கும் நேரத்தில் சிக்னல் கிடைக்காது. சர்க்கரை இறங்கினால் ஒலிக்க வேண்டிய அலாரம் ஒலிக்காது. நீந்தும்போது தசைகள் சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும். சர்க்கரை இறங்கினால் வியர்ப்பது தண்ணீரில் தெரியாது. நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துக் கொள்வோம்.

எனவே இறங்கும் முன் அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. எந்த அளவிலிருந்து இறங்கலாம், கீட்டோன் இருந்தால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கரையேறிப் பாருங்கள். கரையில் குளுக்கோஸ் இருக்கட்டும். உங்களுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்த, நீச்சலும் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். முடிந்ததும் துடைத்து, பம்பை மாட்டி, சஸ்பெண்டை நீக்கியாயிற்றா என்று திரையில் உறுதி செய்திடுங்கள். நீந்திய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு வேலைகள்

புதிய கம்ப்யூட்டர் வீட்டிற்கு வந்திருக்கிறது. பம்பு அணிந்தவர் யாரேனும் உறவில் இருந்தால் இதைச் செய்து கொடுங்கள். முதலாவதாக, பம்பு நிறுவனத்தின் இணைய தளத்திலிருந்து அந்த மாடலுக்கான யூசர் கைடை டவுன்லோட் செய்திடுங்கள். பி.டி.எப். பைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, வாட்டர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். ஆழம், நேரம், நிபந்தனை மூன்றும் கிடைத்துவிடும்.

இரண்டாவதாக, பேக்கப். பம்பின் செட்டிங்ஸ் அனைத்தையும், அதாவது மணிக்கு எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு என்ன விகிதம் என்பவற்றை, ஒரு பைலில் டைப் செய்து பிரிண்ட் எடுத்து வையுங்கள். பம்பு திடீரென்று நின்றால் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். கூடவே மாற்று இன்சுலினும் ஊசியும் பையில் இருக்க வேண்டும்.

நிறுவனங்களிடம் ஒரு கேள்வி

2022 ஜூனில், கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங் நிறுவனத்திற்கு 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம், ஐபோன் தண்ணீர் தாங்கும் என்ற விளம்பரத்திற்காக ஆப்பிள் நிறுவனத்திற்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. போனுக்கே இவ்வளவு கேட்கலாம் என்றால், உயிரைத் தாங்கும் பம்புக்குக் கேட்கக் கூடாதா?

நான் கேட்பது பெரிதல்ல. வாட்டர்ப்ரூப் என்று போடும் ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில் நான்கு வரி வேண்டும். எந்தத் தண்ணீர், எத்தனை அடி, எத்தனை நிமிடம், எத்தனை வருடம் பழகிய பிறகும் இது பொருந்துமா என்ற நான்கு வரிகள். லட்சங்களில் விலை கொடுத்து வாங்கும் ஒரு விவசாயக் குடும்பம், ஆங்கிலக் கையேட்டின் உள்பக்கத்தில் இதைத் தேடிக் கொண்டிருக்கக் கூடாது. அந்த நான்கு வரி வரும்வரை, பம்பு விற்க வருபவரிடம் இந்த நான்கையும் நீங்களே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.