திரிய மாட்டேன் என்கிற பால்

பாக்கெட் தேங்காய்ப்பாலோடு எனக்குள்ள தகராறு இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன முறை அதைப் பற்றி எழுதியபோது, "உமக்கு வேறு வேலையே இல்லையா?" என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். இல்லை ஐயா. இந்த வாரமும் அதே வேலைதான்.

நவம்பர் 1 உலக வீகன் தினம். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடாதவர்கள் 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டி, தன் பொன்விழாவையொட்டி 1994இல் உண்டாக்கிய நாள். அதைச் சாக்கிட்டு நகரத்தில் ஒரு பெரிய ஓட்டல் 'வெப்பமண்டல வீகன் விருந்து' வைத்தது. தாய்லாந்துப் பச்சைக் கறி, இந்தோனேசிய ரெண்டாங், ஜமைக்காவின் ரன் டவுன், கேரளத்து ஓலன், திருநெல்வேலிச் சொதி என்று வரிசையாகப் பாத்திரங்கள். மூடியைத் திறந்தால் ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, ஒன்று மஞ்சள். வாயில் வைத்தால் எல்லாம் ஒன்றே. அதே வழவழப்பு, அதே அசட்டுத் தித்திப்பு. சொதியைத் தட்டில் ஊற்றினேன், ஓடவில்லை. தட்டைச் சாய்த்தேன். அப்போதும் ஓடவில்லை.

விருந்தின் விலை, பலாக்காய் பிரியாணி, பரிமாறியவர் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஆற்றிய சொற்பொழிவு என்று எழுத நிறையவே இருக்கிறது. அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஓடாத சொதி மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. மற்றதெல்லாம் கிடக்கட்டும்.

திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற மறுவீட்டு விருந்துக்குச் சொதிதான் நாயகன். கூடவே புளியும் வெல்லமும் சேர்ந்த இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், இஞ்சி அதைப் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. தாளிக்கிற கரண்டியில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும், முழுக்க முழுக்க வீகன்.

பாளையங்கோட்டைச் சித்தி வைக்கும் சொதியில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் நான்கும் மூன்றாம் பாலில் வேகும். குழைய வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதும் இரண்டாம் பாலோடு சேரும். முதல் பால் கடைசியில். அதை ஊற்றியபின் வாசலில் யார் கூப்பிட்டாலும் சித்தி அடுப்பை விட்டு நகர மாட்டாள். கரண்டி ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கண் பாத்திரத்தின் விளிம்பிலேயே இருக்கும். "எய்யா, ஓரத்துல நொர கட்டுது பாரு, அடுப்ப அமத்திரு. கொதிச்சிட்டுன்னா திரிஞ்சிரும்." சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிவாள். கொதிக்கிற பாலில் புளிப்புப் பட்டாலும் அதே கதிதான். திரிந்த சொதியைச் சம்பந்தி வீட்டார் முன் வைப்பதைவிட அன்றைக்கு ரசத்தோடு நிறுத்திக்கொள்வதே கௌரவம்.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் பொடிப்பொடியாக மிதக்கும் எண்ணெய். தேங்காயின் புரதம்தான் அந்த எண்ணெய்த் துளிகளைச் சுற்றி நின்று ஒன்றோடொன்று சேராமல் காக்கிறது. சூடு 80 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது புரதம் இறுகிக் கட்டிபடுகிறது. காவல் போனதும் எண்ணெய் தனி, நீர் தனி. சித்தி தெர்மாமீட்டரைத் தொட்டதில்லை. ஓரத்து நுரை அவளுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிவிடும்.

சித்தி வீட்டில் குற்றமாக இருப்பது தாய்லாந்தில் முதல் பாடம். அங்கே கெட்டிப்பாலை வாணலியில் ஊற்றி, திரியட்டும் என்றே கொதிக்க விடுகிறார்கள். எண்ணெய் சின்னச் சின்ன வட்டங்களாக மேலே வந்ததும் அந்த எண்ணெயிலேயே பச்சைமிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை அரைத்த விழுதை வதக்குகிறார்கள். வாசனை கிளம்புவதே அப்போதுதான். அந்த விழுதில் இறால் கூழும் குழம்பில் மீன் சாறும் சேர்வது வழக்கம். ஆனால் வீகன் ஆக்க ஓட்டல்காரர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்பதாம் சந்திர மாதத்தில் ஒன்பது நாள் புக்கெட் தீவில் மஞ்சள் கொடி கட்டி நடக்கும் சைவ விழாவில் இறைச்சி, மீனோடு பூண்டு, வெங்காயத்தையும் ஒதுக்கிச் சமைக்கிறார்கள். இறால் கூழின் இடத்துக்குப் புளிக்கவைத்த சோயா வருகிறது.

மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே. தேங்காய்ப்பாலும் மசாலாவும் நீர்க்க இருக்கும்வரை அது குலாய். சுண்டிக் கெட்டியானால் காலியோ. பால் முழுக்கத் திரிந்து, நீரெல்லாம் வற்றி, பிரிந்த எண்ணெயில் தேங்காய்ப்பாலின் கசடே கருத்துப் பொரிந்தால்தான் ரெண்டாங். ஒரே சட்டியில் மூன்று பதார்த்தம், மணிக்கணக்கில் வேலை. பிறப்பால் அது இறைச்சிச் சமையல்தான். பலாக்காயில் செய்கிறவர்கள் அதைக் காலியோ பதத்தில் போடுவது நல்லது, தொடக்கத்திலேயே போட்டால் கரைந்துவிடும். மாட்டிறைச்சிக்கு இருக்கிற பொறுமை பலாக்காய்க்கு இல்லை. ஜமைக்காவின் ரன் டவுனும் பால் கட்டிபட்டு எண்ணெய் கக்கும்வரை காய்ச்சுவதுதான். வழக்கமாக அயிலை மீன் போடுவார்கள். இறைச்சியைத் தவிர்க்கும் ராஸ்தஃபாரிகள் வீட்டில் அந்த இடத்தைக் காய்கறி பிடித்துக்கொள்ளும்.

அவர்கள் ஊர் வழக்கம் வேறு, நம் வழக்கம் வேறு என்று இதை முடித்துவிடவும் முடியாது. கைக்குழந்தை இருக்கிற நாஞ்சில் நாட்டு வீட்டில் எட்டிப் பாருங்கள். சொதி திரிந்தால் ஊரைக் கூட்டுகிற அதே பாட்டி, உருளியில் தேங்காய்ப்பாலை ஊற்றி, வேண்டுமென்றே திரியவைத்து, கசடு பொன்னிறமாகும்வரை கிண்டி உருக்கெண்ணெய் எடுப்பாள். எண்ணெய் பிள்ளையின் உடம்புக்கு. கசட்டில் சர்க்கரை தூவினால் மற்றப் பிள்ளைகளின் கைக்கு. எப்போது திரியவிடக் கூடாது, எப்போது திரியவிட வேண்டும் என்பது தெரிந்ததால் அவள் சமையல்காரி.

இப்போது பாக்கெட்டுக்கு வருகிறேன். அதன் பால் எளிதில் திரியாது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற குவார் கம் போன்ற பசைகளும் நிலைப்படுத்திகளும் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. ஆகவே தாய்லாந்துக் கறியில் எண்ணெய் பிரியாது, விழுது வதங்காமல் வெந்து கிடக்கும். வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் தனியாக எண்ணெய் ஊற்றச் சொல்வது இதனால்தான். ரெண்டாங் காலியோவிலேயே நின்றுவிடும். சொதியோ ஓடாது. திரியவும் தெரியாமல், திரியாமல் காக்கிற ஆளும் வேண்டாமல் ஒரு பால் வந்துவிட்டால், ஐந்து ஊர்ச் சமையலும் ஒரே குழம்பாவதில் என்ன ஆச்சரியம்?

பொடியின் கதை இன்னும் விசேஷம். எங்கள் தெருக் கடையில் இருந்த தேங்காய்ப்பால் பொடிப் பொட்டலத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எறும்பு எழுத்தைப் படித்தேன். சோடியம் கேசினேட் என்று இருந்தது. கேசின் என்பது பசும்பாலின் புரதம். எல்லாப் பொடியிலும் இல்லை, சிலவற்றில் சேர்க்கிறார்கள். பசுவை விட்டு விலகித் தேங்காயிடம் வந்த வீகன் நண்பர், பொடி வழியாக மறுபடி தொழுவத்துக்கே போய்ச் சேருகிறார். ஓட்டலில் எந்தப் பொட்டலம் என்று கேட்டேன். பரிமாறியவர் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ரெண்டாங் வைத்தார்.

தேங்காய் விற்கிற விலையில், வேலைக்குப் போகிற வீட்டில், துருவி, அரைத்து, துணியில் மூன்று தரம் பிழிய யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பிழிய நேரமில்லாத நாளில் தேங்காயை அரைத்துவிட்ட கூட்டு செய்யுங்கள், துருவிப் போட்ட பொரியல் செய்யுங்கள். இரண்டும் வீகன்தான், இரண்டுக்கும் பால் வேண்டாம். பாக்கெட்டை வெட்டித்தான் தீருவேன் என்றால் பாயசத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள், நான் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன். மறுவீட்டுச் சொதியில் மட்டும் வேண்டாம். சம்பந்தி வீட்டார் அன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்வார்கள்.