போன மாதம் எதிரணி, இந்த மாதம் ஒரே அணி



தென் மாவட்டங்களில் கல்லூரிகளுக்கு இடையிலான ஆடவர் கைப்பந்துப் போட்டிகள் முடிந்துவிட்டன. பல்கலைக்கழக அணிக்கான ஆள் தேர்வும் முடிந்து, பையன்கள் இப்போது பயிற்சிக் கேம்பில் இருக்கிறார்கள். சீக்கிரமே தெற்கு மண்டலப் போட்டிக்கு ரயில் ஏறிவிடுவார்கள். கோப்பை வாங்கிய படங்களும் செய்திகளும் உள்பக்கங்களில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் பேச நினைப்பது, யாரும் படம் எடுக்காத அந்தக் கேம்ப் நாட்களைப் பற்றி.

கல்லூரி விளையாட்டோடு பழக்கம் இல்லாதவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் எல்லாம் முதலில் தங்களுக்குள் மோதும். இதைத்தான் மாணவர்கள் 'இன்டர் காலேஜ்' என்கிறார்கள். அதில் ஜெயித்த கல்லூரி அப்படியே அடுத்த கட்டத்துக்குப் போய்விடாது. அங்கே ஆடப்போவது பல்கலைக்கழகத்தின் பெயரில். ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனவர்கள் என எல்லோரிலும் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி ஓர் அணி ஆக்குவார்கள். அந்த அணி தெற்கு மண்டலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுவைப் பல்கலைக்கழகங்களோடு மோதும். அங்கே முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகள் இவை. அகில இந்திய அளவில் முன்னணியில் நிற்கும் அணிகளுக்கு, 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் இடம் உண்டு.

ஆக, போன மாதம் வலைக்கு அந்தப் பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்தவன் இந்த மாதம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பான். இருவரும் சேர்ந்து ஓர் அணியாக, கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்கள்.

அப்படி ஒரு கேம்பைப் போய்ப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கே மைதானத்தில் ஆள் இருந்தது. மண் தரை. இரவுப் பனியில் நனைந்து, கால் வைத்தால் தடம் பதிந்தது. முந்தின நாள் போட்ட சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்ததால் ஒரு மாணவர் குனிந்து மறுபடி போட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். தேநீர் வந்ததும் கவனித்தேன்: ஒரே கல்லூரிக்காரர்கள் ஒரே திட்டில் உட்கார்ந்தார்கள். பேச்சும் அவரவர் வட்டத்துக்குள்தான். உடற்கல்வி இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சி தொடங்கியதும் ஜோடி பிரித்துவிட்டார். எந்த ஜோடியிலும் ஒரே கல்லூரிக்காரர்கள் இருவர் இல்லை.

அந்த அணியின் செட்டர் கடலோர ஊர்க் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிப்பவர். இறுதிப் போட்டியில் தோற்ற கல்லூரி அது. முதன்மை அட்டாக்கரோ கோப்பை வென்ற கல்லூரிக்காரர், முதுகலை மாணவர். இறுதிப் போட்டியில் இந்தச் செட்டரின் தலைக்கு மேலேயே பந்தை இறக்கியவர். இப்போது இவர் தூக்கிக் கொடுக்க, அவர் அடிக்க வேண்டும்.

முதல் சில பந்துகள் சரியாக வரவில்லை. ஒன்று வலையை ஒட்டிப் போயிற்று. ஒன்று தாழ்ந்து வந்து அட்டாக்கரின் முழங்கையில் பட்டது. "தம்பி, இன்னும் ஒரு சாண் மேல போடு" என்றார் அட்டாக்கர். "சரிண்ணே." அடுத்தது உயரமாக வந்தது, ஆனால் மெதுவாக. குதித்துவிட்டு அந்தரத்தில் காத்திருக்க வேண்டியதாயிற்று. "இது ரொம்ப நேரம் நிக்குது." "சரிண்ணே." இப்படியே ஒரு கூடைப் பந்து தீர்ந்தது. பொறுக்கி வந்து மறுபடி.

இடைவேளையில் அந்தச் செட்டர் என்னிடம் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்: "பைனல்ல இந்த அண்ணனைப் பிளாக் பண்ணத்தான் சார் நாங்க பிளான் போட்டோம். பந்து நெட்டை ஒட்டி வந்தா அவர் லைன்லதான் அடிப்பார், வேற வழி இல்லை. ரெண்டடி தள்ளி வந்தா எங்க வேணாலும் அடிப்பார். அதனால இப்ப நான் தள்ளியே போடறேன்."

எதிரணியில் நின்று ஒருவரை வீழ்த்துவதற்காகப் படித்து வைத்ததை, அவரை ஜெயிக்க வைப்பதற்காக எடுத்துக் கொடுக்கிறார் அந்தப் பத்தொன்பது வயதுப் பையன். கைப்பந்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கேம்ப் முடியும்போது யார் எந்தத் திட்டில் உட்கார்வார்கள் என்பது இந்த மாதிரி நூறு பந்துகளுக்குப் பிறகுதான் தெரியும்.

மூன்றே தொடுதல்களில் பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய ஆட்டம் இது. பந்தைப் பிடித்து நிறுத்தி யோசிக்க முடியாது. முதல் தொடுதல் எதிரியின் சர்வீஸை வாங்குவது; அது எங்கே போகும் என்பது பாதி நம் கையில் இல்லை. மூன்றாவது, எல்லோரும் கைதட்டும் ஸ்மாஷ். நடுவில் இருக்கும் இரண்டாவது தொடுதல்தான் செட்டருடையது. ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேல் எழும்பும் அட்டாக்கரின் கை போய்ச் சேரும் அதே இடத்துக்கு, அதே நொடியில் பந்து போய்ச் சேர வேண்டும். சென்டர் பிளேயருக்குக் கொடுக்கும் ஷார்ட் பந்தில் நிலைமை இன்னும் கடினம்: பந்து செட்டரின் விரலை விட்டுக் கிளம்பும் முன்பே அவர் குதித்துவிட்டிருப்பார். பந்து வந்தே தீரும் என்ற நம்பிக்கையில் எடுக்கும் குதி அது. கண்ணால் பார்த்துக் கற்கிற காரியம் இல்லை. மாதக்கணக்கில் சேர்ந்து ஆடித்தான் வர வேண்டும். நம் பையன்களுக்குக் கிடைப்பதோ சில நாட்கள்.

செட்டர்களைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டுக்காரருக்குப் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி தென் கொரியாவை வீழ்த்தியது நினைவிருக்கும். ஐந்து கேம்கள் போய், கடைசி கேம் 17-15-ல் முடிந்த ஆட்டம். அதுவரை பல பத்தாண்டுகளாக ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லாமல் திரும்பாத அணி தென் கொரியா. அந்த இந்திய அணியில் செட்டர்களாக இருந்த உக்கிரபாண்டியன், முத்துசாமி இருவருமே தமிழ்நாட்டவர். அடுத்து சீன தைபேயையும் வென்று, காலிறுதியில் ஜப்பானிடம் தோற்று, இந்தியா ஆறாவது இடத்தில் முடித்தது. 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளியும், 1986-ல் சியோலில் ஜப்பானை வீழ்த்தி வெண்கலமும் பெற்ற நாடு நாம். சியோலுக்குப் பிறகு இன்றுவரை ஆடவர் கைப்பந்தில் ஆசிய விளையாட்டுப் பதக்கம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பப் போகிறவர்கள் எங்கிருந்தோ வந்து குதிக்கப் போவதில்லை. இப்படி ஏதோ ஒரு கேம்பில் "சரிண்ணே" சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தான் அவர்கள்.

இனி மனத்தில் உறுத்துவதையும் சொல்ல வேண்டும்.

தெற்கு மண்டலத்தில் இரண்டு வகை அணிகள் ஒரே வலையில் மோதுகின்றன. ஒரு வகை, நான் மேலே சொன்னது: பல கல்லூரிகளில் இருந்து திரட்டிய அணி. இன்னொரு வகை, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் அணி. அவர்கள் திறமையான பையன்களைத் தேடிச் சேர்த்து, விடுதியும் சாப்பாடும் கட்டணச் சலுகையும் கொடுத்து, உள்ளரங்கத்தில் ஆண்டு முழுவதும் ஒன்றாக ஆட வைக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. எத்தனையோ ஏழை வீட்டுப் பையன்களுக்கு அது வாழ்வு தந்திருக்கிறது. ஆனால் ஆண்டெல்லாம் சேர்ந்து ஆடியவர்களும், சேர்ந்து ஆடத் தொடங்கிச் சில நாட்களே ஆனவர்களும் மோதும்போது திறமையில் இல்லாத வித்தியாசம் பழக்கத்தில் வந்துவிடுகிறது. இணைவுக் கல்லூரிகள் கொண்ட பல்கலைக்கழகங்கள் கேம்ப் நாட்களை இரட்டிப்பாக்கலாம். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உத்தேச அணியைத் தேர்ந்தெடுத்து, மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு கூட்டி ஆடவைக்கலாம். பேருந்துக் கட்டணமும் இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரிய செலவா? இல்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, நாக்அவுட் முறை. மண்டலப் போட்டியில் தொடக்கச் சுற்றுகளெல்லாம் நாக்அவுட். லீக் ஆடும் வாய்ப்பு கடைசியில் மிஞ்சும் நான்கு அணிகளுக்குத்தான். ட்ராவில் முதல் ஆட்டமே காலிக்கட் பல்கலைக்கழகம் மாதிரி பலமான அணியோடு விழுந்தால், ஒரு மணி நேரத்தில் ஓர் ஆண்டு முடிந்துபோகும். இரவெல்லாம் ரயிலில் வந்து, காலையில் ஆடி, அன்று மாலையே திரும்ப ரயிலேறும் பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று யோசிப்பதற்குக்கூட அடுத்த ஆட்டம் கிடையாது. கடைசி ஆண்டு மாணவராக இருந்தால் அடுத்த ஆண்டும் கிடையாது.

இதை ஹவாய் தீவுகளோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் கல்லூரி ஆடவர் கைப்பந்து 1970 முதல் தேசிய சாம்பியன் பட்டத்தோடு நடக்கிறது. கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் இருக்கும் பணமோ புகழோ அங்கேயும் கைப்பந்துக்கு இல்லை. ஆனால் ஜனவரியில் தொடங்கி மே மாதம் வரை சீசன் ஓடுகிறது. பெரும்பாலான அணிகளுக்கு இருபத்தைந்து ஆட்டங்களாவது கிடைக்கும். ஹவாயில் பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. அதனால் ஹொனலுலுவில் இருக்கும் ஹவாய் பல்கலைக்கழகக் கைப்பந்து அணியைத் தீவு மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் உள்ளரங்கில், கல்லூரிப் பையன்களின் கைப்பந்தைப் பார்க்கக் குடும்பத்தோடு டிக்கெட் வாங்கி வருகிறார்கள். 2021, 2022 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. 2022-ல் அவர்களுக்குச் செட்டராக இருந்தவர் நார்வேயில் இருந்து படிக்க வந்த யாகோப் தெல்லே. வெளிநாட்டுப் பையனையும் ஊர் தன் பையனாக்கிக்கொண்டது.

நமக்கு ஏன் முடியாது? கைப்பந்து நமக்குப் புதிதில்லை. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் கைப்பந்தையும் கையோடு பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். நூறாண்டுப் பழக்கம். கோயில் கொடையை ஒட்டி நடக்கும் மின்னொளிப் போட்டிகளுக்கு இன்றும் விடிய விடியக் கூட்டம் நிற்கிறது. 2019-ல் புரோ வாலிபால் லீக் இறுதி ஆட்டத்தில் சென்னை ஸ்பார்டன்ஸ் வென்றபோது உள்ளரங்கம் அதிர்ந்தது. அதே ஆட்டத்தைப் பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் பையன்கள் ஆடும்போது மட்டும் பார்க்க ஆள் இல்லை. சக மாணவர்களுக்கே அன்று போட்டி இருப்பது தெரிவதில்லை.

நாக்அவுட் பிரச்சினைக்கு மறுபடி வருகிறேன். தெற்கு மண்டலத்தை ஐந்து மையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மையத்திலும் முதலில் லீக் நடத்த வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது நான்கு ஆட்டம் உறுதியாகக் கிடைக்கும். தோற்ற ஆட்டத்தில் இருந்து கற்றதை மறுநாளே செய்து பார்க்கலாம்.

ஆட்டக்காரர்களுக்கு இதில் வேறொரு கணக்கும் இருக்கிறது. அதைச் சிலர் குறைவாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் சாதித்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. பையன்கள் 'ஃபார்ம் த்ரீ' என்பார்கள். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கு மதிப்பு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று கைப்பந்து அணி வைத்திருக்கும் நிறுவனங்களின் கண்ணும் இந்தப் போட்டிகள் மேல்தான். வேலைக்காக ஆடுகிறார்கள் என்று சொல்பவர்களிடம் கேட்கிறேன்: படிப்பது மட்டும் எதற்காக? அப்பா உப்பளத்துக்குப் போக, அம்மா பீடி சுற்ற, ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கிக்கொண்டு வகுப்பை விட்டு வந்து மண் தரையில் விழுந்து எழும்புகிற பையன், அந்த ஒரு தாளை நம்பி இருப்பதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் தாள் ஒரே ஒரு நாக்அவுட் ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் குறை.

வரும் வாரங்களில் நடக்க இருப்பவை: முதலில் தெற்கு மண்டலம், அதில் தேறினால் அகில இந்தியம். கல்லூரிப் பிரிவும் உள்ள முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்ட அளவில் ஆயத்தம் செய்யும் அணிகளின் செய்திகளும் நமக்கு வர வேண்டும். உங்கள் கல்லூரி, உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் எங்கே, எப்போது ஆடுகிறது என்பதை எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போடுகிறோம். படம் அனுப்பும்போது கோப்பையோடு நிற்கும் வரிசையை மட்டும் அனுப்பாதீர்கள். செட்டர் பெயர் என்ன, லிபரோ எந்த ஊர், கேம்ப் எத்தனை நாள் நடந்தது, எந்தத் தரையில் ஆடினார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஆட்டம் உங்கள் ஊரிலேயே நடந்தால் அரை நாள் ஒதுக்கிப் போய் உட்காருங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. நான் பார்த்த அந்த அணியோடு தெற்கு மண்டலத்துக்கு நம் செய்தியாளரும் போகிறார். அந்தத் தம்பி போடும் பந்து அண்ணனின் கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த இதழில் எழுதுவார்.

அன்புடன்,
ஆசிரியர்