ஆற்றுக்கு அதன் கரையைத் திருப்பிக் கொடுங்கள்



குரங்கணி மலையிலிருந்து இறங்கி, போடி வழியாகப் போய் வைகையில் சேர்வது கொட்டகுடி ஆறு. ஏலத்தோட்டச் சரிவுகளில் கனமழை கொட்டினால் வெள்ளம் விறுவிறுவென்று கீழே வந்துவிடும். அது பரவி, வேகம் தணிந்து, வண்டலை இறக்கி, நிலத்தடியில் ஊறுவதற்கு இருபுறமும் தாழ்ந்த நிலம் வேண்டும். தடுப்புச் சுவர் எழுப்பி ஆற்றை ஒடுக்கினால் வேகம் கூடி, கீழேயுள்ள ஊர்தான் அடிபடும். நெதர்லாந்தே கரையை உயர்த்துவதோடு நில்லாமல், பின்னுக்குத் தள்ளியும் ஆற்றுக்கு இடம் விட்டது.

சென்னை அடையாறு முகத்துவாரத்தில் குப்பையையும் இடிபாடுகளையும் அகற்றி, அலையாத்தி நட்டு, 58 ஏக்கரை மீட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். போடியிலும் இப்படி ஆற்றங்கரையை மீட்க முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெள்ளம் பரவும் எல்லையை அளந்து கல் நட வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, நாணலும் நீர்மருதும் புங்கனும் வளர்க்க வேண்டும்.

நட்டுவிட்டுப் போவதுதான் நம் வழக்கம், அதுதான் எனக்குக் கவலை. பலன் தெரிய, பாலத்தூண்களில் அளவுகோல் வரைந்து, நீர்மட்டத்தையும் கரையோரக் கிணறுகளின் மட்டத்தையும் ஆண்டுதோறும் குறித்து, நகராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போடுங்கள். முதல் பதிவை இந்த ஐப்பசியிலேயே தொடங்கலாம்.

– வாசகர், சிலமலை