மழை விட்ட பிறகு காஸ்மாஸ்

காஸ்மாஸ் விதை உறையில் ‘வசந்த காலத்தில் விதைக்கவும்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள். அது பனி பெய்யும் நாட்டுத் தோட்டக்காரருக்கு எழுதியது. திருச்சி, மதுரைப் பக்கம் பங்குனியில் விதைத்தால், செடி மொட்டு வைக்கும் நேரத்தில் அக்னி நட்சத்திரம் வந்துவிடும்.

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கிருந்து மாட்ரிட் அரசு தாவரத் தோட்டத்துக்குப் போன விதையில் வளர்ந்த செடிக்குத்தான் 1791-இல் கவனில்லெஸ் என்ற பாதிரியார் காஸ்மாஸ் என்று பெயர் வைத்தார். மெக்சிகோ மேட்டுநிலங்களில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். அந்த ஈரத்தில் வளர்ந்து, மழை ஓய்ந்து பகல் சுருங்கும்போது வயலோரமெல்லாம் பூத்து நிற்கும். மழை விடுவதும் பகல் சுருங்குவதும் நமக்குச் சேர்ந்து வருவது மார்கழியில். அதனால் வெள்ளை, இளஞ்சிவப்பு காஸ்மாஸை நான் கார்த்திகைக் கடைசியில்தான் விதைக்கச் சொல்வேன். தை, மாசியில் பூக்கும். ஐப்பசியிலேயே விதைத்தால் அந்த மெல்லிய தண்டு அடைமழைக்குத் தாங்காது.

பகலின் நீளம் இந்தச் செடிக்குப் பெரிய விஷயம். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். அத்தனை வெளிச்சம் இருக்கும்வரை காஸ்மாஸ் பூக்க அவசரப்படாமல் உயர்ந்துகொண்டே போகும். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணியைத் தொடாது. இங்கே செடி சின்னதாக இருக்கும்போதே மொட்டு விட்டுவிடும். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் ஆளுயரச் செடி நம் மாடியில் வராததற்கு வளர்ப்பவரைக் குறை சொல்லவே கூடாது. ஒரு ஜாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ பெருகும்.

விதை மெலிந்து, நீண்டு, கறுப்பாக இருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். வெயில் நாள் முழுக்க வேண்டும். உரம்தான் வேண்டாம். தொழு உரத்தையும் மண்புழு உரத்தையும் அன்பாக அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. கத்தரிக்குக் கலக்கும் மண்ணை இதற்குக் கொடுக்காதீர்கள். சாதாரணச் செம்மண்ணும் மணலும் போதும்.

மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பூப்பது இன்னொரு இனம். வெயிலை நன்றாகத் தாங்கும். காய்கறிப் பாத்தி ஓரத்தில் நட்டால் தேனீக்களும் அசுவினியைத் தின்னும் பூச்சிகளும் தேடி வரும். தானாக விதை சிந்திப் பரவும் குணம் அதற்கு அதிகம். காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதை வேலிக்கு வெளியே போக விடக்கூடாது.

“தலையில வைக்க முடியாது, சாமிக்கும் போட மாட்டோம், எதுக்குக்கா இது?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. சரம் தொடுத்தே பழகிய நமக்கு, நீளக் காம்போடு பூ வெட்டி வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் குறைவு. சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐந்தாறு காஸ்மாஸ் நின்றால் அந்த அறையே மாறிப்போகிறது. பூவை அவள் கையில் கொடுத்தே அதைச் சொன்னேன்.

வெட்டும் நேரம் முக்கியம். காலையில், மொட்டின் இதழ்கள் விரியத் தொடங்கி முழுக்க மலராத பதத்தில் வெட்ட வேண்டும். நன்றாக மலர்ந்ததை வெட்டினால் மகரந்தம் மேசையில் கொட்டி, இதழும் சீக்கிரம் உதிரும். இலைகள் எதிரெதிராக இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளை எழும்பும். பூவைச் செடியிலேயே காய விட்டால் அது விதை கட்டுவதில் இறங்கிவிடும். வெட்ட வெட்டத்தான் பூக்கும்.

பருவம் முடியும்போது மட்டும் சில பூக்களை விதைக்கு விடுங்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு வகையில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்கு உதவாது. ஒற்றைச் செடி வளர்த்தால் விதை பிடிக்காது, கூட்டமாக நட வேண்டும். பக்கத்துச் செடியின் நிறமும் கலந்துதான் வரும். வெள்ளையே வேண்டும் என்பவர்கள் வெள்ளையை மட்டும் நடுவது நல்லது. நான் கலந்தே விடுகிறேன்.