கண் காண்பதும் மனம் காண்பதும்

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாம் வகுப்பிலே கேத்திரகணித பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கணக்குப் பழையது. இருசமபக்க முக்கோணியொன்று, அதன் அடியின் இரு முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்கு இரண்டு கோடுகள், அவ்விரு கோடுகளும் சமமென நிறுவுதல் வேண்டும். இருபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் நாம் கரும்பலகையில் வரைந்துவரும் உருவம் அது.

பின்வரிசையில் ஒரு மாணவன் ஒன்றும் எழுதாதிருந்தான்.

"ஒருங்கிசையும் முக்கோணிகள் இரண்டு கண்ணுக்கு முன்னால் நிற்கின்றனவே, தெரியவில்லையா?" என்று கேட்டோம்.

"தெரியவில்லை, சேர்."

"அப்படியானால் என்னதான் தெரிகிறது?"

"நாலு துண்டு தெரிகிறது, சேர். மேலே ஒரு நாற்பக்கல். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு சின்ன முக்கோணி. கீழே ஒன்று."

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அத்துடன் நில்லாது, கண்ணைக் கழுவிக்கொண்டு வா என்று அவனை வெளியே அனுப்பியும் விட்டோம்.

அன்று மாலை வீடு திரும்பிய பின்னரும் மனம் அமைதி கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை கூறியதில் என்ன பிழை? அக்கோடுகள் அவ்வுருவத்தை நான்காகத்தான் வெட்டுகின்றன. நாம் குறித்த முக்கோணிகளோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை. மேலேயுள்ள நாற்பக்கல் இரண்டுக்கும் பொது. அவற்றைக் காண வேண்டுமாயின், ஒரு துண்டை இடப்புறத்துச் சிறு முக்கோணியுடன் ஒருமுறையும், வலப்புறத்ததுடன் மற்றொருமுறையும் சேர்த்தல் வேண்டும். இந்தச் சேர்க்கையைச் செய்வது கண்ணன்று.

இது எவ்வளவு இயல்பாக நிகழ்ந்துவிடுகின்றது என்பதை அறிய வானத்தை நோக்கினாற் போதும். சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவிலே வடதிசையில் ஏழு விண்மீன்கள் தோன்றும். நமக்கு அவை சப்தரிஷி மண்டலம். அவர்களுள் வசிட்டருக்கு அருகே மங்கலாகத் தெரிவதே மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததி. (பகலிலே நடக்கும் கலியாணத்தில் அதனை எவர் கண்டார் என்று கேட்கலாகாது.) ஆங்கிலேயர் அதே ஏழையும் கலப்பை என்றனர், அமெரிக்கர் அகப்பை என்கின்றனர். பெயர் வேறு, கதை வேறு. ஆனால் அந்த ஏழையும் ஒன்றாகக் கட்டியது எல்லோருக்கும் பொது. உண்மையிலோ அவ்வேழும் ஒரே தொலைவில் உள்ளவையல்ல. நடுவிலுள்ள ஐந்தும் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தூரத்தில் உள்ளவை. இரு முனைகளிலும் உள்ளவை 100 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளவை. வானத்திலே அகப்பையும் இல்லை, கலப்பையும் இல்லை. அருகருகே இருப்பனவும் ஒத்த ஒளி உடையனவும் ஓரினமாகத் தோன்றுகின்றன, அவ்வளவே. உலகின் 27 பண்பாடுகளைச் சேர்ந்த விண்மீன் கூட்டங்களை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2022 இல் வெளியாயிற்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மக்களும் பலவிடத்தில் ஒரே கூட்டங்களைக் கண்டதற்குக் காரணம் இதுவே என்று அது காட்டியது.

இந்தப் பொருளை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் மாக்ஸ் வேர்தைமர். 1880 இல் பிராக் நகரிற் பிறந்தவர். 1910 இல் வியன்னாவிலிருந்து புகைவண்டியிற் செல்லுகையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்ததாம். தாம் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் பிராங்போட் நகரில் இறங்கி, கடையில் ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு விடுதி அறைக்குட் புகுந்தார். சுழற்றினால் அதிலுள்ள அசையாத படங்கள் அசைவனபோலத் தோன்றும். இக்காலச் சினிமாப் படத்தின் பாட்டனார் என்று அதனைச் சொல்லலாம். விடுமுறை போயிற்று, ஒரு விஞ்ஞானம் பிறந்தது.

பின்னர் அந்நகரத்து ஆய்வுகூடத்தில், கோலர், கொவ்கா என்னும் இளம் அறிஞர் இருவரையும் பார்ப்போராக இருத்தி, இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கணப்பொழுது காட்டினார். இடைவேளை நீண்டால், ஒன்று மறைய மற்றொன்று தோன்றியது. மிகக் குறுகினால் இரண்டும் ஒருங்கே தோன்றின. ஒரு விநாடியில் 100 இல் 6 பங்கு அளவாக இருந்தபோதோ, ஒரே கோடு இங்கிருந்து அங்கு நகர்வதைக் கண்டனர். முதற் கோட்டில் அசைவு இல்லை, இரண்டாவதிலும் இல்லை. பின் அசைவு எங்கிருந்து வந்தது? செங்கல்லை அடுக்கிச் சுவர் கட்டுவது போல மனம் சிறு சிறு உணர்ச்சிகளை அடுக்கிக் காட்சியை ஆக்குகின்றது என்றே அக்காலத்து உளநூலார் பலர் கருதியிருந்தனர். 1912 இல் வேர்தைமர் வெளியிட்ட கட்டுரை அச்சுவரைச் சரித்தது. முழுமையானது உறுப்புக்களின் கூட்டுத்தொகையிலும் பெரிது என்று பலர் எழுதுகின்றனர். கொவ்கா சொன்னது அதுவன்று. கூட்டுத்தொகையினின்றும் வேறானது என்பதே அவர் சொன்னது. பெரிது என்பதும் வேறு என்பதும் ஒன்றல்லவே.

1923 இல் வேர்தைமர் மற்றொரு கட்டுரையில், எவை ஒன்றுசேர்ந்து தோன்றும் என்பதற்கு விதிகள் வகுத்தார். அருகருகே இருப்பவை சேரும், ஒத்தவை சேரும், எல்லைக்கோட்டால் மூடப்பட்டது ஓர் உருவாகும், ஒருங்கே அசைபவை ஒன்றாகும். பத்து ஆண்டுகளின் பின், யூதராகிய அவர் ஜெர்மனியை விட்டுக் குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்து, 1943 இல் அங்கேயே காலமானார்.

மூடப்பட்டது ஓர் உருவாகும் என்ற விதியை வாசித்தபோதுதான் நமக்குச் சுருக்கென்றது. நான்கு துண்டும் நான்கு மூடிய எல்லைகள். எமது மாணவன் அவ்விதிப்படியே கண்டிருக்கின்றான்! எமக்கு முக்கோணிகள் எளிதிலே தெரிந்தது, விடையை முன்னரே அறிந்திருந்தமையால்.

அண்மைக் காலத்துச் செய்தியொன்றையும் இங்கே கூறுதல் வேண்டும். இந்தியாவிலே, பிறவிதொட்டுப் பார்வையின்றியிருந்த பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் சிகிச்சையளித்து, அவர்கள் பார்க்கக் கற்கும் விதத்தையும் ஆராயும் பிரகாஷ் திட்டம் என்று ஒன்றுண்டு. அமெரிக்காவிற் பணியாற்றும் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கியது. பார்வை பெற்ற மூவரைப் பற்றிய அவர்களது ஆய்வு 2009 இல் வெளிவந்தது. ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் கோட்டுப்படத்தைக் காட்டினால், உருவங்கள் இரண்டு என்று நாம் சொல்வோம். அவர்களுக்கோ மூடிய துண்டு ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளாகத் தோன்றிற்று. ஒளியும் நிறமும் கோடும் கண்ணுக்குள்ளே சென்றன. எது எதனோடு சேர்ந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. ஆனால், அவ்வுருவங்களுள் ஒன்று அசையத் தொடங்கியதும் அவர்கள் அதனை முழுதாக இனங்கண்டனர். மாதங்கள் பல சென்றபின் அசையாத படங்களிலும் காணக்கூடியவராயினர். தொட்டிலிற் கிடக்கும் குழந்தை, தன்மேற் குனியும் தாயின் முகத்தையும் பின்னாலுள்ள சுவரையும் வேறு வேறாக அறிவதற்கு, அம்முகம் அசைவது எவ்வளவு துணைசெய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எமது மாணவனின் கண்ணிற் குறையேதும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அசைவு என்னும் அந்த உபாயத்தை விட எமக்கு மனம் வரவில்லை. அடுத்த பாடத்துக்குச் சிவப்பிலும் நீலத்திலும் கண்ணாடித்தாள் வாங்கி, முக்கோணிகள் இரண்டு வெட்டிக்கொண்டு சென்றோம். முதலில், அவனை வெளியே அனுப்பியது எமது தவறு என்பதை வகுப்பின் முன்னிலையிற் சொன்னோம். பின்னர் அவனை அழைத்து, மேசைமேலிருந்த படத்தின்மீது தாள்களை வைத்து, சிவப்பை இடப்புறமாகவும் நீலத்தை வலப்புறமாகவும் மெல்ல நகர்த்தினோம். நாற்பக்கலின் மேல் ஊதா நிறமாய் நின்ற பகுதி விலகி, இரண்டு முழு முக்கோணிகள் பிரிந்து வந்தன.

"ஓ!" என்றான். அந்த ஓசையைக் கேட்பதற்காகத்தான் ஆசிரியத் தொழிலில் இருக்கின்றோமோ என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு.

அவன் இருக்கைக்குத் திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், "சேர், மேல்துண்டை விட்டுவிட்டுக் கீழ்த்துண்டைப் பொதுவாக எடுத்தால் வேறு இரண்டு முக்கோணி வருகிறது. அதை வைத்தும் நிறுவலாம்" என்றான். புத்தகத்திலுள்ள வழி மேல்துண்டு வழி. இத்தனை ஆண்டுகளாக நாம் காட்டிவந்ததும் அது ஒன்றையே.

விரலாற் கோடுகளைத் தொட்டுக் காட்டிவிட்டு, "தெரிகிறதா, சேர்?" என்று கேட்டான்.

உடனே தெரிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவனுடைய விரலை இன்னொரு முறை பின்தொடர்ந்தோம்.